கல்லா செல்போனுக்கு வந்த பிறகு: கிருஷ்ணகிரி, தருமபுரி சிறுதொழில்காரர்களுக்கு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி

பர்கூரில் ஜவுளிக்கடை, காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை, ஓசூர் சிப்காட் ஓரத்தில் நாலு சிஎன்சி மெஷின் போட்ட பட்டறை, பாலக்கோட்டில் தக்காளி மண்டி. தொழில் வேறு வேறு என்றாலும் பணம் வெளியே போகும் விதம் நாலிலும் ஒன்றுதான். ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார், இன்னொருவர் செல்போனில் அனுப்பிவிடுகிறார். நடுவில் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது, "சரிதானா?" என்று கேட்கும் மூன்றாவது ஆளும் கிடையாது. திருட வருகிறவன் குறிவைப்பது இந்த இடத்தைத்தான்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் சிறு நிறுவனங்களுக்குக் கணினி, நெட்வொர்க், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வேலை பார்த்துத் தருகிறேன். சைபர் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் கீழே வரும், ஆனால் பின்னால்தான் வரும். பணம் போகும் வழியை ஒழுங்குபடுத்தாமல் கணினிக்கு மட்டும் காவல் போட்டால், பெரும்பாலான மோசடிகள் அந்தக் கணினிப் பக்கமே வராமல் வேலையை முடித்துவிடும்.

கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவு இல்லை.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

வங்கிக் கணக்கோடு இணைத்த செல் நம்பர், நெட்பேங்கிங், ஜிஎஸ்டி தளம், இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் போடும் மின் சீட்டு), டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென் டிரைவ் மாதிரி இருக்கும்), கம்பெனி மெயில், டேலி, கடை க்யூஆர், வைஃபை ரூட்டர், சிசிடிவி. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: இது யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும், ஓடிபி எந்த போனுக்கு வருகிறது.

மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். வங்கியில் கொடுத்த நம்பர், வேலையை விட்டுப் போன பையன் பெயரில் எடுத்த சிம்மாக இருக்கும். ஜிஎஸ்டி ஓடிபி, ஆடிட்டர் ஆபீஸில் முன்பு இருந்த யாரோ ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எங்கே என்று கேட்டால், "ஆடிட்டர் கிட்டதான் சார் இருக்கு, பாஸ்வேர்டும் அதுலயே ஒட்டியிருக்கு" என்பார்கள். அந்த டோக்கனும் பாஸ்வேர்டும் சேர்ந்தால் உங்கள் கையெழுத்து. ஆடிட்டர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் ஆபீஸ் கணினியில் வைரஸ் புகுந்தால் என்ன செய்வீர்கள்? டோக்கனை வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். தாக்கல் செய்யும் நாளில் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

வங்கி, ஜிஎஸ்டி இரண்டுக்கும் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள சிம்மைக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லலாம். ஒருநாள் திடீரென்று உங்கள் போனில் மட்டும் சிக்னல் போய், பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு நன்றாக எடுத்தால், டவர் கோளாறு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் நம்பருக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். உடனே வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

இ-வே பில் போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். லோடு ஏற்றுகிற அவசரத்தில் ஓனர் போனுக்கு வரும் ஓடிபியை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடும் பழக்கம் பரவிக்கிடக்கிறது. அதற்குப் பதில் பில் போடும் ஊழியருக்கு அவர் நம்பரிலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம், தளத்திலேயே அந்த வசதி இருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் வேறு யாராவது போலி பில் ஓட்டினால், நோட்டீஸ் வருவது உங்கள் கடைக்குத்தான்.

ஆள் வேலையை விட்டு நிற்கும் நாளிலேயே அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு எல்லாம் மாற வேண்டும். கோபித்துக்கொண்டு போனாலும் சரி, சிரித்த முகத்தோடு போனாலும் சரி.

2. "அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று தகவல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஓசூர் பட்டறை ஒன்று வெளியூர் வியாபாரியிடம் மாதாமாதம் ஸ்டீல் ராட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திருடன் முதலில் அந்த வியாபாரியின் மெயிலுக்குள் நுழைகிறான். பாஸ்வேர்டு எங்கோ கசிந்திருக்கும், அல்லது போலி லாகின் பக்கத்தில் அவரே தட்டிக்கொடுத்திருப்பார். நுழைந்தவன் உடனே எதையும் திருடுவதில்லை. வாரக்கணக்கில் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் பணம் வரும், கணக்காளர் மெயிலை எப்படி முடிப்பார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாகிவிடும். பணம் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் ஒரு மெயில் வரும்: "எங்கள் வங்கியில் ஆடிட் நடப்பதால் இந்த ஒரு பில்லுக்கு மட்டும் கீழ்க்கண்ட அக்கவுண்டுக்கு அனுப்பவும்." பில் நம்பர் சரி, தொகை சரி, லெட்டர்ஹெட் சரி, சீல் சரி. ரத்துசெய்த காசோலைப் படம்கூட இணைத்திருக்கும்.

மெயில் முகவரியை உற்றுப் பார்த்தால் சில நேரம் பிடிபடும். ஆங்கிலத்தில் 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான். செல்போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உண்மையான முகவரியிலிருந்தே அனுப்பியிருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே மெயிலை ஆராய்ந்து முடிவெடுக்கும் வேலையை விட்டுவிட்டு, கீழே உள்ள நடைமுறையை வையுங்கள்.

வங்கி விவரம் மாறியதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், மெயிலோ வாட்ஸ்அப்போ போனோ எதுவானாலும், பழைய பில்லில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். வந்த தகவலில் இருக்கும் நம்பருக்கு ஒருபோதும் கூப்பிடாதீர்கள். "ணா, அக்கவுண்ட் மாத்திட்டோம்னு மெயில் வந்திருக்கு, நீங்க அனுப்பினதுதானா?" அரை நிமிடப் பேச்சு. அவர்களே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாலும் வைத்துவிட்டு, நீங்கள் திரும்பக் கூப்பிடுங்கள். குரலை அப்படியே போலியாகச் செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன, தெரிந்த குரல் என்பது இப்போது சாட்சி ஆகாது.

பேசி உறுதியானதும், புது அக்கவுண்டைச் சேர்க்கும்போது வங்கி காட்டும் பெயரைப் பாருங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் அனுப்பும் முன் அக்கவுண்ட்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சரியாக இருந்தாலும் முதலில் சின்னத் தொகை அனுப்பி, "எவ்வளவு வந்தது?" என்று அதே பழைய நம்பரில் கேட்டு, அவர்கள் வாயால் தொகையைச் சொன்னபிறகு மீதியை அனுப்புங்கள்.

கூழ் ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். உங்கள் பெயரில் போலி மெயில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும். அவர் பணத்தை வேறு எங்கோ அனுப்பிவிட்டு உங்களிடம் சரக்கு கேட்பார். மாம்பழ சீசன் முடிவதற்குள் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நேரத்தில் இந்தச் சண்டை வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "எங்கள் வங்கி விவரம் மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, மாறினால் நாங்கள் நேரில் பேசித்தான் சொல்வோம்" என்று இன்வாய்ஸிலும் ஒப்பந்தத்திலும் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஓனர் படத்தை டிபியாக வைத்த புது நம்பரிலிருந்து கணக்காளருக்கு மெசேஜ் வரும்: "மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடாதே, இந்த அக்கவுண்டுக்கு உடனே 2 லட்சம் போடு." கணக்காளர் ஓனரைக் கேள்வி கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்த மோசடியே ஓடுகிறது. "நானே சொன்னதா மெசேஜ் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் கேளு, திட்ட மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். அப்படிக் கேட்ட பிறகு உண்மையிலேயே திட்டாமலும் இருங்கள்.

நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவுசெய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை நடப்புக் கணக்குகளுக்கு உண்டு. வங்கியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினசரி வரம்பையும் உங்கள் தேவைக்குத் தக்கபடி குறைத்துவையுங்கள்.

3. கடை முகப்பு: ஸ்கேனரும் சவுண்ட் பாக்ஸும்

வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சாட்சி இல்லை. பணம் போனதுபோலவே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொன்னால், அல்லது உங்கள் ஆப்பில் வரவு காட்டினால் மட்டும் சரக்கு வெளியே போகட்டும். சந்தை நாள் கூட்டத்தில், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடத்தில், சவுண்ட் பாக்ஸ் காதில் விழாது. அங்கே வரவைப் பார்க்கவென்றே ஒரு ஆளிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.

காலையில் கடை திறந்ததும் க்யூஆர் ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள், மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று. நீங்களே ஒரு ரூபாய் போட்டுப் பெயரைச் சரிபார்க்கலாம்.

பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் வரைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இதைத் தெரியாதவர்களைத் தேடித்தான் "ராணுவ கேம்ப்பிலிருந்து பேசுகிறோம், 200 கிலோ மாம்பழம் வேண்டும்" என்ற அழைப்பு வருகிறது. விலை பேரம்கூடப் பேச மாட்டார்கள். சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் அனுப்புவார்கள். கடைசியில் "எங்கள் கணக்குமுறைப்படி நீங்கள் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு மடங்கு திரும்பி வரும்" என்பார்கள். ராணுவத்தில் அப்படி ஒரு கணக்குமுறை கிடையாது.

கடை வசூலுக்குத் தனி அக்கவுண்ட் வையுங்கள். இரவில் மீதியை முதன்மைக் கணக்குக்கு மாற்றிவிட்டால், போன் திருடு போனாலும் அன்றைய வசூலோடு போகும்.

4. செல்போனும் வாட்ஸ்அப்பும்

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். பிறகு 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் எப்போதோ திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஏபிகே என்று முடியும் எந்தக் கோப்பையும் (ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் கோப்பு அது) வாட்ஸ்அப்பிலிருந்து திறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி, போக்குவரத்து அபராதம் என்று பல வேஷத்தில் வரும். இங்கே லாரி வைத்திருப்பவர்கள் அதிகம். தொப்பூர் கணவாயும் கிருஷ்ணகிரி டோல்கேட்டும் தாண்டிப் போகிற வண்டிக்கு எங்கேயாவது ஒரு அபராதம் விழுந்திருக்கலாம் என்ற பயம் எப்போதும் இருக்கும். "உங்கள் வண்டிக்கு சலான்" என்று வண்டி நம்பரோடு மெசேஜ் வந்தால் கை தானாகத் தட்டிவிடும். நிறுவியதும் அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி அத்தனையும் அவனுக்குப் போகும். அபராதம் உண்டா என்று பார்க்க அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போங்கள்.

உங்கள் திரையை வேறொருவர் பார்த்து இயக்க வழிவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்களை போனில் இருப்பவர் சொல்லி நிறுவாதீர்கள். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், போலி நம்பர்கள் அங்கே விரவிக்கிடக்கின்றன. கார்டின் பின்பக்கத்திலும் பாஸ்புக்கிலும் சரியான நம்பர் இருக்கிறது. வங்கித் தளமா என்று சந்தேகம் வந்தால் முகவரியின் முடிவைப் பாருங்கள். இந்திய வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

5. டேலி இருக்கும் கணினி

ரேன்சம்வேர் என்பது கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். காலையில் கணினியைத் திறந்தால் டேலி கம்பெனி காணவில்லை என்று சொல்லும். கோப்புப் பெயர்களின் வாலில் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் "உங்கள் கோப்புகள் எங்களிடம்" என்று ஒரு கடிதம் கிடக்கும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் அப்டேட் போடாத கணினிகள்தான் அதில் வரிசையாக விழுந்தன.

சிறு நிறுவனங்களுக்குள் இது நுழையும் வழிகளை நான் பார்த்தவரை சொல்கிறேன். ஒன்று, வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை ரூட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. அதன் கதவு எண் 3389. அது திறந்திருக்கும் கணினிகளை ராப்பகலாகத் தேடி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. யூசர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123ம் என்றால் அதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்? வீட்டிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (வெளியாள் நுழைய முடியாத தனி இணைப்பு) போடச் சொல்லுங்கள். உங்கள் கணினிக்காரரிடம், "ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எதாவது போட்டிருக்கா?" என்று கேளுங்கள். இணையத்திலிருந்து உள்ளே வர ரூட்டரில் திறந்துவைக்கும் கதவு அது. போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, கிராக் மென்பொருள். திருட்டு டேலியோ திருட்டு விண்டோஸோ போடும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று எழுதியிருக்கும். எதற்கு அணைக்கச் சொல்கிறான் என்று யோசித்தாலே போதும். மூன்றாவது வழி மெயிலில் வரும் 'பர்ச்சேஸ் ஆர்டர்' ஜிப் கோப்பு.

இப்போது அந்த ஆன்டிவைரஸ் கேள்வி. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரை அணைக்காமல், அப்டேட்டையும் நிறுத்தாமல் வைத்திருந்தால் ஒரு சிறு அலுவலகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கினாலும் தப்பில்லை, ஆனால் அந்தக் காசில் முதலில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இடங்களில் கதை 2020 ஜனவரியிலேயே முடிந்தது. மெஷினோடு வந்த பழைய கணினி என்பதால் மாற்ற முடியாது என்றால், அதை இணையத்திலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டுங்கள்.

தினமும் வேலை பார்க்கும் விண்டோஸ் கணக்குக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டாம். அட்மின் கணக்கைத் தனியாக வைத்து, மென்பொருள் நிறுவும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

பேக்கப் பற்றி. டேலி பிரைமில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப் இருக்கிறது. சேமிக்கும் இடத்தை அதே கணினியின் டி டிரைவ் என்று கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். ரேன்சம்வேர் சி, டி என்று பிரித்துப் பார்ப்பதில்லை, செருகியே வைத்திருக்கும் பென் டிரைவையும் விடுவதில்லை. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி ஒன்றுக்கு 'ஏ', மற்றொன்றுக்கு 'பி' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு வாரம் ஏ, மறு வாரம் பி. பேக்கப் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். எந்த டிஸ்க் சும்மா இருக்கிறதோ அது ஓனர் வீட்டில் இருக்கட்டும். இதோடு கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி இருந்தால் நல்லது. அதில் கோப்பின் பழைய வடிவங்கள் 30 நாள் வரை கிடைக்கும்.

பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்பவர்களிடம் "திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டர் வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேலேயே பழையது எழுதிவிடும். டேலி கணக்கைப் பூட்டிவைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுப் பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்க வழியில்லை.

6. மெயிலும் பாஸ்வேர்டும்

மெயில்தான் தாய்க் கணக்கு. மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதைக்கொண்டு மாற்றிவிடலாம். அதனால் மெயிலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு, கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டு பகுதிகளையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவன், மெயில்களின் பிரதி தனக்கும் வரும்படி அங்கே ஒரு முகவரியைச் செருகிவிட்டுப் போவான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

ரூட்டர், சிசிடிவி இரண்டிலும் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைக்கு வருபவர்களுக்கு வைஃபை கொடுப்பதென்றால் தனி கெஸ்ட் இணைப்பாகக் கொடுங்கள்.

7. அரசு பெயரில் வரும் அழைப்புகள்

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. முத்ரா கடன் ஒப்புதல் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி முன்பணம் கேட்டால் அது போலி, கடனுக்கு வங்கியிடமோ அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்திடமோதான் போக வேண்டும். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் அதிலுள்ள ஆவண எண்ணை உரிய அரசுத் தளத்தில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பார்த்த பிறகு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள், இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

8. பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு 1930, சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். மருமகனைக் கேட்பதும், தெரிந்த ஏட்டைக் கேட்பதும் அதற்குப் பிறகு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், கையில் எடுப்பதற்குள் ஏதாவது ஒரு வங்கியில் நிறுத்தினால்தான் திரும்பும். கூப்பிடும்போது உங்கள் அக்கவுண்ட் நம்பர், தொகை, நேரம், பரிவர்த்தனைக்கான யூடிஆர் எண், எந்த அக்கவுண்டுக்கு அல்லது எந்த யுபிஐ ஐடிக்குப் போனது என்பவை கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேராகப் பதியலாம். கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் தவறு இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்த ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் முறையிடலாம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ரேன்சம்வேர் என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், உடனே ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். சில வகைகளுக்கான திறவுகோல் 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள். இப்படிப்பட்ட தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. சிறு நிறுவனம் என்பதால் விலக்கு கிடையாது.

9. தப்பு செய்யாமலே அக்கவுண்ட் முடங்கினால்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் துணி வாங்கிவிட்டுப் போகிறான். அந்தப் பணத்தடம் உங்கள் அக்கவுண்டைத் தொட்டதும், அந்த மாநிலப் போலீஸ் சொல்லி வங்கி அந்தத் தொகையை நிறுத்திவைக்கும், சில நேரம் மொத்தக் கணக்கையே முடக்கிவிடும். ஊழியர் சம்பள நாளில் இது நடந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மொத்த வியாபாரத்தில் பில் ஒருவர் பெயரில், பணம் வேறொருவர் அக்கவுண்டிலிருந்து என்பது இங்கே சகஜம். பெரிய தொகைக்கு அந்தப் பழக்கத்தை விடுங்கள், வாங்குபவர் கணக்கிலிருந்தே வரட்டும். "தப்பா அதிகமா போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று கேட்டால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி மூலமாகவே அனுப்புங்கள். கமிஷன் தருகிறேன் என்று உங்கள் நடப்புக் கணக்கை ஓட்டக் கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் கொடுக்காதீர்கள், வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

முடங்கிவிட்டால் வங்கிக் கிளையில் கேட்க வேண்டியவை: எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எந்தப் பரிவர்த்தனை. அந்த ஒரு விற்பனைக்கான பில், இ-வே பில், டெலிவரி சீட்டு, வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடுவிக்கும்படி அந்தக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் மனு அனுப்புங்கள். இதற்காகவே வேறொரு வங்கியில் இரண்டாவது நடப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒரு மாதச் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆகிற அளவு பணத்தை அதில் எப்போதும் போட்டுவையுங்கள்.